சீட்டில் எழுதிய சொல்

ஏதென்ஸ்
9 ஜனவரி 1964

அன்புள்ள தம்பி மினாஸுக்கு,

ரோட்ஸ் தீவு மருத்துவர் சீட்டில் எழுதித் தந்த சொல்லுக்கு அர்த்தம் கேட்டிருந்தாய். இலெயோஸ் என்றால் குடல் அடைப்பு. முறுக்குவது, சுருட்டுவது என்ற பழைய கிரேக்க வினையிலிருந்து வந்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் வைத்தியர்கள் வைத்த பெயர். குடல் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு வழியை அடைத்துவிடுகிறது என்று நினைத்தார்கள். உனக்கு நடந்தது அதுதான். இம்முறை தானாக விலகியிருக்கிறது. மறுபடி வருமுன் அறுவை செய்துகொள்.

எவாந்தியா

காசோஸ் தீவு
20 ஜனவரி

பிரியமுள்ள அக்கா,

இப்போது வலி இல்லை. மீன் சூப் இறங்குகிறது. உன் கடிதத்தை என் மனைவி செவாஸ்தி, கலியோப்பி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். நம் ஊரில் யாருக்காவது தொப்புள் நகர்ந்துவிட்டால் எண்ணெய் தேய்த்து அமுக்கி இடத்தில் வைப்பாளே, அவள்தான்.

"பாத்தியாடா, படிச்சவளே சொல்லிட்டா. முறுக்கிக்கிட்டா அவுக்கணும். எவனாவது அறுப்பானா?" என்றாள்.

அடுத்த முறை வலித்தால் அவளிடமே வயிற்றைக் கொடுக்கப்போகிறேன். தன் காலால் நடந்துபோய் ரோட்ஸுக்குக் கப்பலேறிய அப்பா, அங்கே அறுவைக்குப் பிறகு சவப்பெட்டியில் திரும்பினார். நீ ஏதென்ஸில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன்.

மினாஸ்

ஏதென்ஸ்
2 பிப்ரவரி

மினாஸ்,

இதையும் கலியோப்பி அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

இங்கே ஓர் அறுவை மருத்துவரைக் கேட்டேன். முறுக்கிய குடலை வெளியிலிருந்து அமுக்கினால் கிழிந்துவிடலாம், கிழிந்தால் பிழைப்பது அரிது என்றார். அந்தப் பெயரை வைத்தவர்கள் எத்தனை பேரைக் காப்பாற்றினார்கள்? வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், பெயர் வைத்தார்கள். நானும் அதைத்தான் செய்தேன். உன் கடிதம் வந்தபோதே அப்பாவின் நினைவுதான் வந்தது. அதை மறைக்கத்தான் உனக்குப் பாடம் நடத்தினேன்.

மூன்று நாளாகக் கல்லூரியில் வகுப்பெடுக்கப் போகவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, மினாஸ்.

அக்கா

ரோட்ஸ்
14 பிப்ரவரி

அக்கா,

முந்தாநாள் வலி திரும்பிவிட்டது. வயிறு கல்லாகிவிட்டது. கலியோப்பி அம்மா எண்ணெயோடு வந்து உட்கார்ந்தாள். செவாஸ்தி உன் கடிதத்தை எடுத்து வாசித்தாள். கடைசி வரியை மட்டும் கலியோப்பி அம்மா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.

"எவாந்தியாவா பயப்படுறா? பேயே வந்தாலும் 'உன் பேருக்கு என்ன அர்த்தம்'னு கேக்குற கழுதையாச்சே அது!" கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் தொடமாட்டேன்டா. கப்பல் ஏறு."

இங்கே குழாய் போட்டு வயிற்றைக் கொஞ்சம் தணித்திருக்கிறார்கள். நாளைக் காலை அறுவை. படுக்கையிலிருந்து பார்த்தால் அப்பாவின் பெட்டியை ஏற்றிய துறை தெரிகிறது.

குளிர்காலக் கடலில் நீ அலைய வேண்டாம் என்று எழுதத்தான் காகிதம் கேட்டு வாங்கினேன்.

வா, அக்கா.

மினாஸ்