ஈரக் கரி

1968 ஜூலை 9, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. டெலானிபூர் ஏற்றத்தில் செருப்பு அறுந்தது. புதிது வாங்க அபர்டீன் பஜார் போக வேண்டும்.

சோதனைக்கூடத்தில் சிரட்டைக் கரி, மாதிரி 6. குடுவையில் ஒரு கிராம், சுற்றிலும் ஐஸ். கரியமில வாயுவை அளந்து உள்ளே விட்டேன். அளவுக் குழாயில் பாதரசம் மளமளவென்று இறங்கியது. இத்தனூண்டு கரி இவ்வளவு வாயுவை எங்கே வைத்துக்கொள்கிறது!

அட்டெண்டர் துரை அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, நம்ம கரி நல்லா இழுக்குதா?" கரியை இடித்து நீராவியில் பதப்படுத்துவது அவர்தான். நாளை இன்னும் கொஞ்சம் எடுத்துவரச் சொன்னேன். மூட்டைகள் இருப்பது கரி இடிக்கும் கொட்டகைக்குப் பின்னால், பழைய நிலத்தடித் தொட்டியில்.

ஜூலை 10, புதன்

எழுத வரவில்லை.

கா. 10. துரை அண்ணன் தொட்டிக்குள் ஏணியில் இறங்கினார். பத்து நிமிஷம். ஆளைக் காணோம். போய்க் குனிந்தேன். மூட்டைமேல் குப்புறக் கிடந்தார். கூப்பிட்டேன். அசைவில்லை. ஏணியில் கால் வைத்துவிட்டேன். லாரி டிரைவர் கரீம் பாய் என்னைப் பிடித்து இழுத்தார். "இறங்காதீங்கம்மா! கப்பல் கிடங்குல இப்படி ரெண்டு பேரு போனதக் கண்ணால பாத்திருக்கேன். அரே, ரஸ்ஸி லாவ், ஜல்தி!"

கயிறு வந்தது, கொக்கியும். பெல்ட்டில் மாட்டித் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்துவிட்டார்.

வயது 38. முகமெல்லாம் கரித்தூள். தூங்குகிற முகம்.

ஜூலை 11, வியாழன்

தகனம். மழையில் விறகு பற்றவே இல்லை.

அண்ணன் குடித்துவிட்டு இறங்கினாராம். ஸ்டோர்கீப்பர்தான் முதலில் சொன்னது. எங்கள் ஆபீசர் ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதப்போகிறாராம்.

அண்ணனின் மனைவி செல்வி அக்கா அழவில்லை. "நீதானே அனுப்பின? காலைல ரெண்டு இட்லி தின்னுட்டுப் போன மனுஷன். எப்படிக் குடிச்சிருப்பாரு, சொல்லு."

என்றைக்கும் 'நீங்க' என்று பேசுகிறவர்.

ஜூலை 12, வெள்ளி

கரீம் பாய் கொக்கி போட்டு ஒரு மூட்டையை மேலே எடுத்துத் தந்தார். சொட்டச் சொட்ட ஈரம். மழைநீர் கசிந்திருக்கிறது.

ஈரக் கரியையும் வெறும் காற்றையும் குடுவையில் அடைத்தேன். பாதரசம் நகர்ந்தது. குழாயில் கசிவு என்று நினைத்தேன். கிரீஸ் போட்டு மறுபடி. மறுபடியும் நகர்ந்தது. கரியில்லாமல் காலிக் குடுவை: நகரவில்லை.

ஈரக் கரி காற்றிலிருந்து பிராணவாயுவை இழுக்கிறது.

கரி வாயுவை இழுப்பதைத்தானே ஆறு மாதமாக அளக்கிறேன். உலர்ந்த கரி, ஒரு கிராம். ஒரு தொட்டி நிறைய நனைந்து கிடந்தால் என்ன ஆகும் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

ஜூலை 13, சனி

மழை வெறித்திருந்தது. ஆபீசர், ஸ்டோர்கீப்பர், செல்வி அக்கா மூவரையும் தொட்டியடிக்கு வரவழைத்தேன். நேற்றே மூடி போட்டுப் பூட்டி, சாவியை நான் வைத்திருந்தேன். திறந்து, அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்கினேன். பாதி ஆழத்தில் சுடர் சுருங்கியது. அடியில் அணைந்தது. ஏற்றி மறுபடி இறக்கினேன். மறுபடியும் அணைந்தது.

ஸ்டோர்கீப்பர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசர் இந்தியில், "ரிப்போர்ட் தும் லிகோ" என்றார். ரிப்போர்ட்டை நான் எழுத வேண்டுமாம்.

செல்வி அக்கா என் பக்கத்தில் வந்தார். "மூச்சுக்குத் தவிச்சிருப்பாராம்மா?"

"இல்லக்கா. ரெண்டு மூச்சுலயே நெனவு போயிருக்கும்."

"அவரு கூப்பிட்டு, ஒங்களுக்குக் கேக்காமப் போச்சோன்னு இருந்தேன்."

என்னிடம் சாவியைக் கேட்டு வாங்கினார். மூடியைத் தள்ளி, அவரே பூட்டினார்.