உரிமம் புதுப்பிக்காத ஆண்டு

தோழி,

இன்று காலை மேசைக்கு வந்தமர்ந்ததும் அந்த மின்னஞ்சலைக் கண்டேன். நாம் கணினி நிரல்கள் எழுதிய மென்பொருள் தளத்தின் உரிமத்தைப் புதுப்பிக்குமாறு அதன் விற்பனையாளர் ஆண்டுதோறும் அனுப்பும் நினைவூட்டல். அதே நீலப் பட்டை, அதே பணிவு. முன்பெல்லாம் அதைப் படித்ததும் உன் முகத்தைத்தான் பார்ப்பேன். முதலாளியிடம் ஒப்புதல் கேட்க இருவரில் யார் போவது என்பதிலேயே அன்றைய பொழுது கெட்டுவிடும். இன்று தேநீரை நிதானமாக அருந்தி முடித்தபின் அதனை அழித்தேன்.

ஆம்பூரின் இந்தக் காலணித் தொழிற்சாலையில் நாம் இருவரும் தட்டச்சுப் பணிக்குத்தான் சேர்ந்தோம். நிரல் எழுத நமக்கு எவரும் கற்பிக்கவில்லை. அந்தத் தளத்தோடு வந்த தடித்த கையேட்டை உணவு இடைவேளைகளில் படித்தே, தோல் வரவு முதல் ஏற்றுமதி வரை கணினியில் ஓடும் பக்கங்கள் அனைத்தையும் கட்டினோம். அதை இன்றும் நிமிர்ந்தே சொல்வேன். கூட்டங்களில் நான், ‘பயன்பாட்டிற்குக் கொண்டுவரப்பட்டுள்ளது’ என்று அறிவிக்கும்போது நீ சிரிப்பை அடக்கிக்கொள்வாய். வெளியே வந்ததும், “இன்னா பண்டிதரம்மா, ஓடுதுன்னு சொன்னா கொறஞ்சா போய்டுவ?” என்பாய்.

தோல் கிடங்கின் பக்கம் உன்னுடையது. தோலின் பின்புறத்தில் ஏழு என்று எழுதி, அதன் மேல் ஓரமாகச் சிறிய மூன்றைக் குறித்திருந்தால், ஏழும் மூன்று காலும், அதாவது ஏழே முக்கால் சதுர அடி என்று இவ்வூரில் எவரும் படிப்பார்கள். நாமோ முதலில் அதை ஏழு புள்ளி மூன்று என்றே கணினியில் ஏற்றினோம். அத்தகைய தோல்கள் இரண்டு சேர்ந்தால் பதினைந்தரை வரவேண்டும். கணினியோ பதினான்கு புள்ளி ஆறு என்றது. கிடங்கு மேற்பார்வையாளர் திரையைப் பார்த்துவிட்டு, “மீதிய எலி தின்னுட்ச்சாம்மா?” என்று கேட்டார்.

தளத்தோடு வந்த ஆயத்தக் கருவி ஒன்றை வளைத்துச் சரிசெய்யலாம் என்றேன். நீ மறுத்துவிட்டாய். எல்லா அளவையும் கால் சதுர அடிகளாக மாற்றி முழு எண்களாகவே கூட்டி, இறுதியில் மட்டும் அடியாகக் காட்டலாம் என்றாய். “விக்கிறவன் குடுத்தத வச்சே எல்லாம் பண்ணா, அவன் போனா நம்மளும் போய்டுவோம். சாதாக் கூட்டல் எங்க வச்சாலும் ஓடும்.”

வேலூர் மருத்துவமனையில் உன் கட்டிலருகே அமர்ந்திருந்த பிற்பகல் ஒன்றில், கிடங்கைப் பற்றித்தான் கேட்டாய். “நான் போய்ட்டா அந்தப் பக்கத்த தூக்கிப் போட்ருவாங்க, இல்ல?”

அதற்கு வாய்ப்பே இல்லை என்று, எனக்கே உரிய மொழியில் உறுதியளித்தேன். அந்த உறுதி என் கையில் இல்லை என்பதை இருவரும் அறிந்திருந்தோம்.

நீ சென்ற பின் முதலாளி என்னை அழைத்தார். “இலவசமா இவ்ளோ இருக்கும்போது வருஷா வருஷம் இதுக்கு ஏம்மா அழணும்?” என்றார். பெங்களூரு நிறுவனம் ஒன்று அனைத்தையும் புதிய மொழியில் முதலிலிருந்து எழுதித் தருவதாகக் கூறியிருந்தது. பழையவற்றை எறிந்துவிட வேண்டியதுதான். எனக்கு ஒரு வாய்ப்பு அளிக்குமாறு வேண்டினேன். நாம் எழுதிய அதே மொழியைப் புரிந்துகொள்ளும் இலவச மென்பொருள் ஒன்று உண்டென்று எங்கோ படித்திருந்தேன்.

நம் கோப்புகளை அதில் ஏற்றினேன். ஆர்டர் பக்கம் திறந்தது. புள்ளிவிவர வரைபடங்கள் தோன்றவில்லை, அவை விற்பனையாளரின் கருவியைச் சார்ந்தவை. வேறொரு இலவசக் கருவியால் அவற்றை மீண்டும் கட்டினேன். உன் பக்கத்தை மட்டும் திறக்காமல் தள்ளிக்கொண்டே வந்தேன். இறுதியில் மேற்பார்வையாளரை அருகே அமர்த்தி, பழைய திரையையும் புதிய திரையையும் அருகருகே வைத்துத் திறந்தேன். ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், காலணியின் உட்புறத்திற்கான தோல் என ஒவ்வொரு வரியும் கால் அடி பிசகாமல் ஒத்திருந்தது. உன் நிரலில் ஓர் எழுத்தையும் நான் தொடவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

அந்தத் தளம் இனி என்னவாகும் என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். மாற்றுவதற்கு அஞ்சும் பெரிய அலுவலகங்கள் அதை வைத்திருக்கக்கூடும். புதிதாக வாங்குவோரை நான் காணவில்லை. இலவசத்திலும் இடர் உண்டு. பழுதானால் அழைத்துக் கேட்க ஆளில்லை, நாமே தேட வேண்டும். நாம் என்றைக்கு வேறு விதமாகக் கற்றோம்?

மேல்விஷாரத்தின் தோல் பதனிடும் நிறுவனம் ஒன்று நம் கிடங்குப் பக்கத்தைத் தங்களுக்கும் தர இயலுமா என்று முன்பே கேட்டிருந்தது. உரிமம் இன்றி அது அங்கே ஓடாது என்பதால் அப்போது மறுத்தோம். இப்போது முதலாளி இசைந்துவிட்டார். திங்கட்கிழமை அங்கே போகிறேன். உன் பக்கத்தை நிறுவி, முதல் தோலின் அளவை ஏற்றிக் காட்டுவேன். என்னவாயிற்று என்று அவர்கள் கேட்டால், ஓடுது என்று மட்டும் சொல்வேன்.