ரோபோவுக்கு ஊட்டி விட்டவள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே இரண்டு பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த அளவில் சுகம். நீயும் சுகம் என்று நீயே சொல்கிறாய், நம்புகிறேன், ஆனால் எதையும் முழுசாக நம்பிப் பழக்கமில்லாத ஆள் நான் என்பது உனக்குத் தெரியும். தினமும் போனில் பேசுகிற மனிதர் எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தார் என்று உறையைப் பார்த்ததுமே உனக்குத் திக்கென்றிருக்கும். யாரும் கீழே விழவில்லை, யாரும் ஆஸ்பத்திரியில் இல்லை. முதலில் உட்கார், ஒரு வாய் தண்ணீர் குடி, பிறகு படி. வீட்டில் இருக்கிற ஒரே நல்ல போன் உன் அம்மாவின் கையைவிட்டு இறங்குவதில்லை, என்னுடைய பட்டன் போனில் நான் ரகசியம் பேசினால் அடுப்படியிலிருந்தே அவளுக்குக் காது நீளும், அதனால்தான் கடிதம். இப்போது அவள் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஸ்வெட்டருக்குப் பட்டன் வைக்கப் போயிருக்கிறாள். ஒரு பட்டனுக்கு ஒரு ஊர்க்கதை பேசாமல் வரமாட்டாள், அந்தத் தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உன் விஷயம். சுவர் ஏறுகிற விளையாட்டில் சேர்ந்திருக்கிறேன் என்று படம் அனுப்பியிருந்தாயே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கிய பிள்ளை நீ, இப்போது அத்தனை உயரத்தில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறாய். வேண்டாம் என்று சொன்னால் கேட்கவா போகிறாய், அதனால் சொல்லவில்லை. கீழே நின்று கயிற்றைப் பிடிக்கிற ஆள் யார், அவர் கயிற்றைப் பார்க்கிறவரா போனைப் பார்க்கிறவரா, அதை மட்டும் விசாரித்து வைத்துக்கொள். அப்புறம் அந்த ஓட்டல் சாப்பாட்டுப் படங்கள். வேகாத மீனை அடுக்கி வைத்து அதன்மேல் ஒரு இலை. வயிற்றுக்கு ஒன்று ஆகிவிட்டால் அங்கே யார் கஞ்சி வைத்துக் கொடுப்பது. உன் அம்மா என்னைப் போல இல்லை. அந்தத் தட்டை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, ஏங்க, இந்தச் சாப்பாட்டுக்கு ஒரு பூதக்கண்ணாடியும் சேர்த்துக் குடுப்பாங்களா, நம்ம கடையில இருந்து அனுப்பலாமா என்று கேட்டாள்.

அவள் அப்படித்தான், அதுதான் இப்போது எனக்குப் பெரிய தொல்லையாகப் போயிற்று. கல்யாணமான புதிதில் நான் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தால் கதவைப் பாதி திறந்து, யாருங்க வேணும், வீட்டுக்காரர் இன்னும் கடையில இருந்து வரலையே என்பாள். முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. ஒருமுறை நானே பயந்து வெளியில் நின்று கதவு எண்ணைச் சரிபார்த்தேன். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தே காலத்தைக் கழித்தவள், விளையாடாமல் அவளுக்கு ஒரு வேலையும் ஓடாது. நானோ வேறு ஜாதகம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னைத்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். எனவே நான் இனிமேல் எழுதப்போவதை நீ பாதியாகக் கழித்துக்கொண்டு படித்தாலும் சரி, ஆனால் தூக்கிப் போட்டுவிடாதே.

நான் கடையை விட்ட பிறகு வாரம் ஒரு நாள் வெளியில் சாப்பிடுவது எங்கள் பொழுதுபோக்கு என்று உனக்குத் தெரியும். ஓட்டலைத் தேர்ந்தெடுப்பது அவள், டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அழுக்குப் பார்ப்பது நான். பேருந்து நிற்கிற இடத்துக்கு எதிரே புதிதாக ஒன்று திறந்திருக்கிறார்கள், அங்கே சர்வருக்குப் பதிலாக ஒரு ரோபோ தட்டுகளைச் சுமந்துகொண்டு வருகிறது. இடுப்பு உயரம், தலையில் ஒரு திரை, திரையில் இரண்டு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். போன மாதம் அங்கே போனோம். சூப் என் சட்டைக் கையில் கொட்டிவிட்டது, கழுவப் போனேன். திரும்பி வந்தால் சுற்றியிருந்த மேசைகளில் ஒரே சிரிப்பு. ரோபோ எங்கள் மேசையோரம் நின்று, உங்கள் உணவை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் உணவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது, உன் அம்மா அதற்கு எதிரே குனிந்து, நீ சாப்பிட்டியாப்பா, காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கியே, முதல்ல ஒரு வாய் வாங்கிக்கோ என்று ரொட்டியைப் பிய்த்து அந்தத் திரைக்கு நேரே நீட்டுகிறாள். அப்புறம் காகிதக் கைக்குட்டையால் அதன் கண்ணுக்குக் கீழே, வாய் இருக்கவேண்டிய இடத்தை, பதமாகத் துடைத்தும் விட்டாள். நானும் சிரித்தேன். எப்போதும் செய்கிற கூத்துதானே என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

அதன் பிறகு நீ அந்த வீடியோவை அனுப்பினாய். நம் குடும்பக் குழுவில், சிரித்துக் கண்ணீர் விடுகிற பொம்மை முகங்களோடு, இந்தப் பாட்டியைப் பாருங்க, ரோபோவுக்கு ஊட்டி விடுறாங்க, சிரிச்சு வயிறு வலிக்குது என்று எழுதி. ஆமாம் குட்டிம்மா, அது உன் அம்மா. பின்னாலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள், குரல் கேட்காதபடி மேலே ஒரு கோமாளி இசையைப் போட்டிருக்கிறார்கள். அவள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டது நீ வந்து போன பிறகு. போனில் பேசும்போது அவள் உனக்குக் காட்டுவதெல்லாம் பாதி நெற்றியும் மேலே சுற்றுகிற மின்விசிறியும்தான். நீ எப்படி அடையாளம் கண்டிருப்பாய். இதை இப்போது நிதானமாக எழுதுகிறேன், அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பெற்ற தாயின் முதுகு தெரியவில்லையா என்று வாய்விட்டே திட்டினேன், குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு. அது கோபம் இல்லை, பயம் என்று அப்புறம்தான் புரிந்தது.

ஏனென்றால் அந்த வீடியோவை முதலில் பார்த்தது நான் இல்லை, அவள். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள், பக்கத்தில் வந்து உட்கார்ந்து எனக்கும் காட்டினாள். அந்தப் பாட்டி தலையைச் சாய்க்கிற சாய்ப்பிலேயே அது இவள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேசையில் என் பாதி சூப் இருக்கிறது, அதன் பக்கத்தில் கடையில் எனக்குக் கொடுத்த பச்சை நிற மூக்குக்கண்ணாடி டப்பா இருக்கிறது. ஐயோ, பிடித்துப் போட்டுவிட்டார்களே, இவள் சங்கடப்படுவாளே என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் திரையில் விரலை வைத்து, இங்க பாருங்க, உங்க டப்பா மாதிரியே ஒண்ணு என்றாள். அப்புறம் சிரிப்பு அடங்கி, பாவம், தனியா வந்திருக்காங்க போல, கூட ஒரு ஆள் வரக்கூடாதா என்றாள். நான் காத்திருந்தேன். இதோ கண்ணடிப்பாள், இதோ என் தொடையில் தட்டி, ஏமாந்தீங்களா என்பாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரலால் தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டாள். அது ஏதோ பூனை பியானோ வாசிப்பது.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கடையை விடும்போது முதலாளி கொடுத்த, கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகை நடைவழியில் மாட்டியிருக்கிறதே, அதன் முன்னால் மறுநாள் அவளை நிறுத்தி, ஒரு கண்ணை மூடச் சொல்லி, லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுப் படிக்கச் சொன்னேன். பவர் ஏறியிருக்கும், அதனால்தான் படம் சரியாகத் தெரியவில்லை என்று நிரூபித்துவிட வேண்டும் எனக்கு. அவள் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டு, அதுக்குக் கீழ அச்சடிச்சவன் பேரு பொடி எழுத்துல இருக்கு, அதையும் படிக்கணுமா என்று கேட்டாள். எத்தனையோ பேருக்குக் கண் பார்த்த கை இது. ஒருவருக்குக் கண் நன்றாக இருக்கிறதே என்று நான் வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

இருந்தும் மனசு ஒப்பவில்லை. அடுத்த வாரம் நானே கேட்டு அதே ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன், புது இடம் தேடாம இதென்ன அதிசயம் என்று கேலி செய்துகொண்டே வந்தாள். போன தடவை உட்கார்ந்த மேசையிலேயே உட்கார வைத்தேன். ரோபோ வந்தது. உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு என் கையைச் சுரண்டினாள். ஏங்க, அந்த வீடியோவில வந்த வண்டி மாதிரியே இருக்கே, அந்த அம்மா இந்த ஓட்டலுக்குத்தான் வருவாங்களோ என்று கேட்டுவிட்டு, கழுத்தை நீட்டி ஒவ்வொரு மேசையாகத் தேடினாள். பணம் கொடுக்கப் போனபோது கல்லாவில் இருந்த பெண் அடையாளம் கண்டுகொண்டு, நீங்கதானேம்மா அது, எங்க ஓட்டலையே பிரபலமாக்கிட்டீங்க என்றாள். உன் அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், நான் அவ இல்லம்மா, முடி நரைச்சா நாங்க எல்லாரும் ஒரே அச்சுதான் என்றாள். கல்லாப் பெண் சிரித்தாள், பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சொல், இதைக் கேட்டால் யாருக்காவது சந்தேகம் வருமா. எனக்கே வெளியே வந்து நின்றபோது, இவள் இத்தனை நாளாக என்னை வைத்து விளையாடுகிறாளோ என்று ஒரு ஆசை வந்தது. சந்தேகம் என்று எழுத நினைத்தேன், ஆசை என்பதுதான் சரி.

யோசித்துப் பார்த்தால் முன்னாலேயே இருந்திருக்கிறது. ஒரே வீடியோவைக் குழுவில் திரும்பத் திரும்ப அனுப்புவாள், நீ, அம்மா இது பழசு என்பாய், அவள், பழசுதான் ருசி என்பாள், நாம் சிரித்துவிட்டு விட்டுவிடுவோம். தையல்காரம்மாவும் போன வாரம் படியில் என்னை நிறுத்தி, அக்கா ஒரே கதையைச் சொல்றாங்க, நான் முதல் தடவை கேட்கற மாதிரியே கேட்டுக்கறேன், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். எனக்குத் தலை சுற்றுகிறது என்று இவளிடம் பொய் சொல்லிவிட்டு நம் டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். அவர் பயமுறுத்தவில்லை. ரத்தத்தில் ஏதாவது சத்துக் குறைந்தாலும் இப்படி இருக்கலாம், தூக்கம் போதாவிட்டாலும் இருக்கலாம், வேறு மாதிரியும் இருக்கலாம், பார்க்காமல் சொல்ல முடியாது, சீக்கிரம் கூட்டி வாருங்கள் என்றார். இவளிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தால், உங்க கவலைக்குத்தான் மாத்திரை எழுதித் தரணும், நான் துணைக்கு வரேன் என்கிறாள். நான் எதைச் சொன்னாலும் அவளுக்கு அது என் பழைய பயந்தாங்கொள்ளித்தனம். வாழ்நாள் முழுக்கப் புலி வருது புலி வருது என்று கத்தினேன், இப்போது நிஜமாகவே வாசலில் ஏதோ நிற்கிறது, என் பேச்சுக்கு மதிப்பில்லை.

அதனால் நீ வா. நீ கூப்பிட்டால் கழுதை மேய்க்கக்கூட வருவாள், டாக்டரிடம் வரமாட்டாளா. வேலையில் லீவு கிடைக்குமா, டிக்கெட் என்ன விலை என்றெல்லாம் நான் எப்போதும் கேட்பேன் இல்லையா, இந்த முறை கேட்கவில்லை. போனிலேயே அவளிடம் விசாரிக்கலாம் என்று மட்டும் நினைக்காதே, சிரிப்பில் நழுவிவிடுவாள், நேரே கண்ணைப் பார்த்துப் பேசினால்தான் தெரியும். வீடியோவை அனுப்பியதை நினைத்து அழாதே. பெற்ற மகள் முதுகை அடையாளம் காணாமல் போவது ஒரு பெரிய விஷயமே இல்லை, அவள் உன் முகத்தை அடையாளம் காண்கிற நாளிலேயே வந்து எதிரே நின்றுவிடு, எனக்கு அது போதும். எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. சுற்றி வளைத்து எழுதியதெல்லாம் இதைச் சொல்லத்தான்.

நன்றாக இரு. கை கால் சுகத்தோடு, நினைத்ததெல்லாம் நடந்து, நல்ல மனிதர்கள் நடுவே இருக்க வேண்டும் என்று உன்னை வாழ்த்திக்கொண்டே இருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் பற்றிக் குழுவில் ஒரு வார்த்தையும் போட்டுவிடாதே, போன் யார் கையில் இருக்கும் என்று தெரியும். என் பட்டன் போனுக்கு, சும்மா ஊர்ப்பக்கம் வரணும் போல இருக்கு என்று ஒரு வரி அனுப்பினால் புரிந்துகொள்வேன். கயிறு விஷயமும் ஞாபகம் இருக்கட்டும்.

இதை மடிக்கப் போகும்போதே உன் அம்மா வந்துவிட்டாள். நான் தாளைக் கையால் மறைத்ததைப் பார்த்துவிட்டு, யாருக்கு, மகளுக்கா, என்னைப் பத்திக் குறைதானே, எழுதுங்க எழுதுங்க, அவ என் கட்சி என்றாள். நீ ஏதாவது சொல்ல வேண்டுமா, எழுதட்டுமா என்று கேட்டேன். ஸ்வெட்டரை நாற்காலியில் மாட்டிவிட்டுத் திரும்பினாள். ரோபோவுக்கு ஊட்டி விட்டாங்களே ஒரு அம்மா, அவங்க வீடியோ வேற ஏதாவது வந்தா அனுப்பச் சொல்லுங்க, பாவம் தனியா இருக்காங்க, நல்லா இருக்காங்களான்னு தெரிஞ்சா போதும் என்கிறாள். சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா