நம் சந்துக்கு நீலம் போடு

மாதா துணை

பின்தான் வட்டாரம், சைகோன்
3 நவம்பர் 2015

அன்பு மகள் ஜோசெட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிரான்சில், துலூசில் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன், இங்கே சுகம் என்று மட்டும் எழுத மாட்டேன். போனில் பேசினால் வழக்கம்போல எல்லாம் நல்லபடி என்று உளறிவிட்டு வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம். எனக்கு வருகிற ஆத்திரத்தில் பேனா தாளைக் கிழிக்கிறது.

பெரிய ரோட்டை முழங்கால் உயரத்துக்கு மேடாக்கிவிட்டார்கள், அதிலிருந்து நம் சந்து கிண்ணம்தான். போன பௌர்ணமிக்கு ஆற்றுத் தண்ணீர் ஏறி, சாக்கடை வழியாகப் பொங்கி, மழையும் சேர்ந்து வீட்டுக்குள் தொடை வரை நின்றது. எதிர்வீட்டு ஒடெட் ஃபிரிஜ்ஜுக்கு அடியில் செங்கல் வைக்கப் போய் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். எழுபத்திரண்டு வயது, இனி நடப்பாளா என்று டாக்டருக்கே தெரியவில்லை. வார்டு ஆபீசுக்குப் போய்க் கத்தினேன். மற்ற சந்துகளுக்கெல்லாம் பம்பும், ஆற்றுத் தண்ணீர் திரும்பி வராமல் அடைக்கிற கதவும் எழுதியிருக்கிறார்கள், நமக்கு மட்டும் ஒன்றுமில்லை. அங்கிருந்தவன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். இந்த ஊருக்காக உன் ஆபீசில் நீ இரண்டு வருஷம் கண் விழித்துச் செய்தேன் என்றாயே, அதே வெள்ள வரைபடம். தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் நீலம், நம் சந்து வெள்ளை. அதைத் தொட்டால் ஒரு வரி வருகிறது, முதலில் நீலம், குடியிருப்பவர் வாய்மொழிப்படி நீக்கப்பட்டது என்று. யார் அந்தக் குடியிருப்பவர் என்று கத்த வாயெடுத்தேன், அது நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்தப் படம் போடுகிறபோது ஒரு நாள் நீ போன் செய்து, அம்மா, கணக்குப்படி நம்ம சந்து தாழ்வா வருதே, தண்ணி நிக்குதா என்று கேட்டாய். நான் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, தரை காஞ்சு கிடக்குடி, நீ வேலையப் பாரு என்றேன். தூரத்தில் இருக்கிற பிள்ளை கவலைப்படக் கூடாது என்று சொல்கிற பொய். ஆனால் உன்னைக் கேட்கிறேன், காய்ச்சலில் கிடந்தபோதுகூட நன்றாக இருக்கிறேன் என்றவள் நான் என்று உனக்குத் தெரியாதா? உயரம் அளந்து வைத்திருந்தாய், மேலிருந்து எடுத்த படம் வைத்திருந்தாய், எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அம்மா பேச்சை ஆதாரம் என்று போடுவாயா? படித்தவள் செய்கிற வேலையா இது? இந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான், மீதி முழுக்க உன் மேல்.

நேற்று தையல் டேப்பை எடுத்துக்கொண்டு சந்தில் இருக்கிற பத்தொன்பது வீட்டுக்கும் போனேன். எல்லாரும் தண்ணீரா, ஒன்றுமில்லையே என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், அவரவர் பிள்ளைக்குச் சொல்லிப் பழகிய வாய். சுவரில் இருக்கிற கறையைக் காட்டித் திட்டித் திட்டி அளந்தேன். வீட்டு எண்ணோடு பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நம் வீட்டில் எழுபத்தொரு சென்டிமீட்டர், ஒடெட் வீட்டில் எழுபத்தெட்டு. டிசம்பர் பதினைந்தோடு பம்புப் பட்டியலை மூடிவிடுவார்களாம், அதற்குள் திருத்து. தப்பு செய்தவள் என்று ஆபீசில் பெயர் கெட்டுவிடுமே என்று மழுப்பாதே. ஒடெட்டுக்கு நான் என்ன பதில் சொல்வது?

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. மாதா உங்கள் இருவரையும் காப்பாள். ஒன்று மறக்காதே, அந்தப் பழைய வரியை அழித்து மறைக்காதே. அதன் கீழேயே எழுது, குடியிருப்பவர் பொய் சொன்னார் என்று. என் முழுப் பெயரையும் போடு.

கோபத்தோடும் முத்தத்தோடும்
உன் அம்மா
ஜூலியேத்