பூப்போடாத நைட்டி

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே மேல்காற்று. கொடியில் கிடந்த என் நைட்டி பறந்து பக்கத்து வீட்டு முருங்கையில் தஞ்சம். அந்த வீட்டுச் சொர்ணம் கம்பால் எடுத்துத் தந்தாள். “கொப்பு முறிஞ்சிரும்னு பயந்துட்டேன் மைனி.” வாய்க்கொழுப்பு.

மதியம் பாளையங்கோட்டைக்கு, பார்வைப் பயிற்சி டீச்சரைப் பார்க்க. நான், தம்பி பெண்டாட்டி எஸ்தர், அவள் மகள் கிருபா. இரண்டரை வயது. பிறந்ததும் அழவில்லை, மூச்சில்லாமல் மூளையில் அடி. கண்ணில் பழுதில்லை. கண் அனுப்புவதைப் பிரித்தறிய மூளைக்குத் தெரியவில்லை. சொந்தக்காரர்களுக்கு இதை விளக்கி விளக்கி நானே பாதி டாக்டர். ஆனாலும் சித்தி: “கண்ணு மினுமினுங்குது, உங்களுக்குத்தான் கிறுக்கு.”

எஸ்தர் எப்போதும் கேட்பதையே கேட்டாள். “எம் மூஞ்சியப் பாப்பாளா டீச்சர்?”

“முகம் கஷ்டமான பாடம்மா. முதல்ல ஒரு பொருளப் பாக்கட்டும். வீட்ல எப்படி உடுத்துவீங்க?”

பூப்போட்ட நைட்டிதான். எஸ்தர் ரோஜாத் தோட்டம். நான் சூரியகாந்தி, இடையிடையே கிளி. அந்தக் கூட்டத்தில் பிள்ளைக்கு எதுவும் தனியாகத் தெரியாதாம். நாங்கள் வெறும் கறுப்புத் துணி உடுத்தணும், முன்னால் ஒரே பொருள், பைய அசைக்கணும். பேசக் கூடாது, கேட்கும்போது பார்க்க அவளால் ஆகாது. என்னைப் பார்த்தே ஏன் சொன்னார்?

நாங்கள் இதுவரை செய்தது: சுற்றி நின்று கைதட்டல், கிலுகிலுப்பை, “இங்க பாரு, இங்க பாரு!” கோரஸ். அன்பு, அன்பு. பிள்ளை தலையைத் திருப்பிக்கொள்ளும்.

ஜூலை 8

டவுனில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பூ இல்லாத நைட்டி தேசத்திலேயே இல்லை.

“கறுப்புலயா? வீட்ல எதும் துக்கமாக்கா?” என்றார் கடை அண்ணாச்சி.

“இல்ல அண்ணாச்சி, சந்தோசம் வரப்போவுது.”

துணியாக வாங்கி நானே தைத்தேன். எஸ்தர் பாதிரியார், நான் பிஷப். தம்பி: “யக்கா, பிரசங்கம் எப்பம்?”

ஜூலை 9, புதன்

டிவி அணைப்பு. காலண்டர், திரைச்சீலை, சுவர்ப் படம் எல்லாம் கட்டிலடியில். மஞ்சள் பிளாஸ்டிக் கரண்டி. எஸ்தர் அசைக்க, “அந்தா பாரு செல்லம்” என்றேன். பழக்கதோஷம். பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது. எஸ்தர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அதுதான் குத்தியது.

ஜூலை 11, வெள்ளி

அவசரமாக எழுதுகிறேன். கோழிக் கிறுக்கல்.

காலையில் எஸ்தர் கரண்டியைப் பைய அசைத்தாள். கிருபாவின் கண் அதில் போய் ஒட்டியது. எனக்கு வாய் திறந்துவிட்டது.

“வாய மூடுங்க மைனி!”

கல்யாணமாகி வந்ததிலிருந்து “சரி மைனி” மட்டும் சொன்ன பெண்! மூடினேன்.

பார்வை நழுவியிருந்தது. காத்திருந்தோம். பைய, பைய, திரும்ப வந்தது. கரண்டி மேலே போனது, கண்ணும் போனது. எஸ்தர் கன்னத்தருகே நிறுத்தினாள். பிறகு கரண்டியை மடியில் இறக்கிவிட்டாள். கண் இறங்கவில்லை. அங்கனயே. கன்னமோ, மூக்கோ. கொஞ்ச நேரம்.

எஸ்தருக்குக் கண்ணீர் தாரை தாரையாக. சத்தம் மட்டும் இல்லை. மூச்சைக்கூட விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு புழக்கடைக்கு ஓடி, அங்கே வைத்து அலறினேன். சுவருக்கு மேல் சொர்ணத்தின் தலை.

“என்ன மைனி, பாம்பா?”

“கிருபா பாத்துட்டாட்டி!”

“எதை?”

“அவ அம்மைய!”

இதை முகம் பார்த்ததாக டீச்சர் ஒத்துக்கொள்வாரோ மாட்டாரோ. சொர்ணம் சுவரேறிக் குதித்து வந்துவிட்டாள், மீதி அப்புறம்.