மேசை விரிப்பின் பின்பக்கம்

மார்ச் 3

அன்புள்ள குண்டூசிக்கு,

நான் நலம். நீயும் உன் முழங்கால்களும் நலம்தானா?

முதலில் செய்தி. எங்கள் புகைப்படச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் எனக்கு முதல் பரிசு. போட்டியிட்டவர்கள் இருபத்தேழு பேர். பெரும்பாலும் ஓய்வுபெற்ற பொறியாளர்கள், ஆளுக்கொரு முழ நீள லென்ஸ். என்னிடம் இருப்பது என் வீட்டுக்காரர் விட்டுப்போன பழைய கேமராவும் ஒரு கால் ஆடும் ட்ரைபாடும்தான்.

இந்த ஆண்டுத் தலைப்பு ‘இழை’. இரண்டு மாதம் அலைந்தேன். குளியலறை ஜன்னலில் சிலந்தி வலை, கம்பியைச் சுற்றிய கொடிச்சுருள், தெருமுனைத் தையல்காரர் நூலைப் பல்லால் கடிக்கும் கணம். அவரை நாற்பது முறை கடிக்க வைத்தேன். “அம்மா, பல்லு போயிடும், விட்டுடுங்க” என்று கெஞ்சிவிட்டார்.

பரிசு பெற்றது இவை எதுவும் இல்லை. பள்ளியின் கடைசி ஆண்டில் நாம் ஆளுக்குப் பாதியாகப் பூத்தையல் போட்ட மேசை விரிப்பு ஞாபகம் இருக்கிறதா? நீ ஒரு முனையிலிருந்து, நான் மறுமுனையிலிருந்து. அதைத் திருப்பிப் போட்டேன். ஒரு பாதி துடைத்து வைத்தது போலச் சுத்தம். மறுபாதியில் முடிச்சுக்கு மேல் முடிச்சு, தொங்கும் நூல், ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குத் தாவிய சிவப்பு. காலை வெயில் பக்கவாட்டில் பட்டதும் ஒவ்வொரு முடிச்சும் எழுந்து நின்றது. ‘என் தோழியின் முடிச்சுகள்’ என்று பெயர் வைத்தேன்.

பிரதி இணைத்திருக்கிறேன். கண்காட்சி இந்த மாதம் முழுவதும். உன் கைவேலை சுவரில் தொங்குகிறது, வந்து பார்த்துக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்.

அன்புடன்,
மானிட்டர்


மார்ச் 9

மானிட்டர் அவர்களுக்கு,

படம் வந்தது. மருமகள்தான் பிரித்தாள். “அத்தை, இது நீங்க தைச்சதா?” என்று கேட்டாள். முப்பது வருஷம் கல்யாண உடை தைத்துக் கொடுத்தவள் நான்.

பள்ளியில் நம் தையல் சிஸ்டர் துணியைக் கையில் வாங்கியதும் என்ன செய்வார்? திருப்பிப் பார்ப்பார். முன்பக்கத்தை அவர் பார்த்ததாகவே எனக்கு ஞாபகமில்லை. கூடப் பிறந்தவளுக்குக்கூட நாம் பின்பக்கத்தைக் காட்டமாட்டோம். நீ சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாய், என் பெயரில்.

இன்னொன்று. அது என் பாதியே இல்லை. நான் முடிச்சுப் போடுவதில்லை. இடக்கையால் தைக்கிறேன் என்று சிஸ்டர் அடித்த அடியில், நூல் நுனியைத் தையலுக்கு அடியில் செருகி மறைக்கப் பழகியவள். நீதான், யார் பேசுகிறார்கள் என்று பெயர் எழுத ஓடும் அவசரத்தில், இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு எழுவாய். மதிப்பெண் போடும்போது சுத்தமான பாதி மானிட்டருடையது என்று சிஸ்டரே முடிவு செய்தார். நீயும் நம்பிவிட்டாய். அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய், அதனால் நான் வாய் திறக்கவில்லை.

சந்தேகம் இருந்தால் நீ தைத்த வேறு எதையாவது திருப்பிப் பார். கண்காட்சிக்கு நான் வருவதாக இல்லை. இனி இங்கே கடிதம் வராவிட்டாலும் பரவாயில்லை.

குண்டூசி


மார்ச் 12

குண்டூசிக்கு,

அபத்தம். என் கண்ணும் நன்றாக இருக்கிறது, ஞாபகமும் நன்றாக இருக்கிறது. உன் கடிதத்தில் இரண்டு எழுத்துப்பிழைகள்.

மானிட்டர்


மார்ச் 20

அன்புள்ள குண்டூசிக்கு,

அவருடைய இழுப்பறையைத் திறந்தேன். அவர் போனபின் ஐந்து ஆண்டாகத் திறக்காதது. கல்யாணமான புதிதில் அவர் பெயரின் முதலெழுத்தைத் தைத்துக் கொடுத்த கைக்குட்டைகள் ஆறு கிடந்தன. “உன் முடிச்சு மூக்கைக் குத்துதுடி” என்பார். கேலி என்றே நினைத்திருந்தேன். ஆறையும் திருப்பிப் போட்டு, லென்ஸைக் கிட்டே கொண்டுபோய் எடுத்தேன். ஆறிலும் இரண்டு சுற்று. விரிப்பின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே கை.

நேற்று சங்கச் செயலாளரிடம் போய்ப் பெயரட்டையை மாற்றச் சொன்னேன். பரிசு கொடுத்த பிறகு மாற்ற முடியாது என்றார். “பரிசை வேணும்னா திருப்பி எடுத்துக்கோங்க. பேர் மாறாம நான் இங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். இப்போது அட்டையில் ‘என் முடிச்சுகள்’ என்றிருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. அறுபது ஆண்டில் ஒரு முடிச்சுகூட அவிழவில்லை, குண்டூசி.

உன் பாதியின் பின்பக்கத்தையும் படமெடுத்து அதற்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னேன். செயலாளர் அதை வாங்கிப் பார்த்தார். “பின்பக்கம்னு சொல்லிட்டு முன்பக்கத்தைக் கொண்டு வந்திருக்கீங்களே” என்றார். விரிப்பையே எடுத்துப்போய் அவர் மேசையில் திருப்பிக் காட்டினேன். பொறியாளர்கள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அட்டையில் உன் முழுப்பெயரையும், முப்பது ஆண்டு கல்யாண உடை தைத்தவர் என்பதையும் எழுதியிருக்கிறேன்.

மன்னித்துவிடு என்று எழுத மூன்று தாள்களை வீணாக்கினேன். இது நான்காவது. மன்னித்துவிடு.

கண்காட்சி முப்பத்தொன்று வரை. உன் படத்துக்கு எதிரே கைவைத்த நாற்காலி ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன். வேறு யாரும் உட்காரக்கூடாது என்று நானே எழுதி அதில் ஒட்டிவிட்டேன்.

உன்,
மானிட்டர்