பாரான் பெயரில் ஓர் அர்ச்சனை

லிவர்மோர், அமெரிக்கா

அன்புள்ள வெண்பா கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முட்டிவலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அங்கே நீயும் குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நலமாக இருக்க அந்த ஆண்டவன் துணையிருக்கட்டும். போனில் சொன்னால் நீ சிரித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு ஒரே குழப்பமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டு பெரிவானை உனக்குத் தெரியுமே, குர்து இனத்துப் பெண், எனக்கு ஆபரேஷன் ஆனபோது சூப் வைத்துக் கொண்டுவந்தவள். அவள் தம்பி பாரான் அவர்கள் ஊரில் ஓட்டு வாங்கி ஜெயித்த மேயர், மேடையில் ஏதோ பேசினான் என்று பிடித்து ஜெயிலில் போட்டிருக்கிறார்கள். போன வாரம் நீ வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினாயே, குர்து அரசியல்வாதிகளை நடத்தும் விதம் பற்றி நீ இருக்கும் நாட்டு அரசாங்கம் ஆழ்ந்த கவலை தெரிவித்தது என்று, அதைப் படித்ததும் விஷயம் முடிந்தது என்றே நினைத்துவிட்டேன். நம் ஊர் கோபியில் ஒரு எம்.எல்.ஏ. ஸ்டேஷனுக்கு போன் போட்டாலே சாயங்காலம் ஆள் வீட்டுக்கு வந்துவிடுவான், இங்கே ஒரு கவர்மெண்டே பேசியிருக்கிறதே என்று கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு போய், உன் தம்பி வந்துவிடுவான் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துபோய் எந்த வக்கீல் சொன்னார் என்று கேட்டாள். செய்தியைக் காட்டினேன். அதைக் காலையிலேயே படித்துவிட்டாளாம், இதில் அவன் பேரே இல்லையே ஆன்ட்டி என்று கேசரியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்பாவைக் கேட்டால், கவலைப்படறோம்னு சொன்னா அதோட சரி வசந்தா, அதுக்கு மேல ஒண்ணும் நடக்காது என்கிறார். பெரிவானோ, அதையும் சொல்லாவிட்டால் உள்ளே இன்னும் மோசமாக நடத்துவார்கள் என்கிறாள். அப்படியானால் அதனால் பிரயோஜனம் உண்டா இல்லையா? கவலைப்பட்ட கையோடு, பாரானைப் பிடித்துப் போட்ட அந்த நாட்டுடனேயே வியாபாரமும் பேசுவார்களாம், அது எப்படி முடிகிறதோ எனக்குப் புரியவில்லை.

மனசு கேட்காமல் சனிக்கிழமை கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்தேன். அர்ச்சகர் பேர், கோத்திரம், நட்சத்திரம் கேட்டார், பேர் மட்டும்தான் தெரியும் என்றேன். பரவால்லம்மா, சிவகோத்திரம்னு சொல்லிடலாம் என்று சொல்லி, பாரான் என்று கணீரென்று சொல்லி அர்ச்சனை செய்தார். வேறு மதத்துப் பிள்ளைக்குக் கேட்காமல் செய்தது சரியா தப்பா என்று அதிலும் குழப்பம், பயந்துகொண்டேதான் பெரிவானிடம் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பேரைச் சத்தமாகச் சொன்னாரா என்று மட்டும் கேட்டாள். மண்டபம் முழுக்கக் கேட்டது என்றேன். அவள் அம்மா போனில் அந்தப் பேரைச் சொல்வதே இல்லையாம், யாராவது ஒட்டுக்கேட்பார்களோ என்று பயந்து சின்னவன் என்றுதான் சொல்வார்களாம். அடுத்த வாரம் நானும் வருகிறேன் ஆன்ட்டி, ஒரு தடவை காதால் கேட்க வேண்டும் என்கிறாள்.

அழைத்துப் போகத்தான் போகிறேன். அங்கே அந்த அறிக்கை எழுதுகிறவர்கள் யாரையாவது உனக்குத் தெரிந்தால், மறக்காமல் பேரையும் போடச் சொல்லு கண்ணு. நீ நோய்நொடி இல்லாமல் நல்லாயிரு சாமி, அந்தச் சின்னவனும் நல்லாயிருக்கட்டும்.

உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
வசந்தாமணி